குட்டைவாலி யார் வீட்டுப் பிள்ளை

விலங்குக்கூடத்தில் ஐந்து வகை எலிகளுக்கும் பொறுப்பு அண்ணிதான். மொத்தம் நானூறு கூண்டு. எந்தக் கூண்டில் எது சினையாக இருக்கிறது, எது சும்மா தொந்தி போட்டிருக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்றே மோப்பத்தில் சொல்லிவிடுவாள் என்பார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். கதவைத் திறந்துதான் சொல்வாள்.

மாடியில் ஆராய்ச்சி செய்பவள் அவளுடைய நாத்தனார். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனுக்கான மரபணுவை ஐந்து வகை எலிகளிலும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, எது எதற்குக் கிட்டத்து உறவு என்று நாலு வருஷமாக வம்சமரம் வரைந்துகொண்டிருந்தாள். அன்று பதினொரு மணிக்கு மூன்று பேர் குழு அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வருகிறது. அதில் ஒருவருக்குப் பட்டப்பெயரே 'கத்தரிக்கோல்'. அவர் வெட்டித் தள்ளிய ஆராய்ச்சிகளைக் குவித்தால் ஊருக்குக் குறுக்கே ஒரு மலை எழும்பும்.

ஒன்பது மணிக்கு நாத்தனார் மரத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். தீனி வாளியோடு வந்த அண்ணி நின்று பார்த்தாள்.

"ஏம்மா, குட்டைவாலி எலிய எதுக்கு முள்முதுகு எலி பக்கத்துல உட்கார வெச்சிருக்க?"

"நான் வைக்கல அண்ணி. ஜீன் வெச்சிருக்கு."

"உங்க அண்ணனும் இப்படித்தான், எதக் கேட்டாலும் அடுத்தவங்க மேல சாத்துவார். முள்முதுகு முப்பத்தெட்டு நாள் சுமந்து கண்ணு திறந்த குட்டி போடும். அது பொறந்த அன்னைக்கே ஊர் சுத்தக் கிளம்பிடும். குட்டைவாலிக்கு இருபத்துமூணே நாள், குட்டி வெறும் சதை. அப்படியே மணல்மேனி மாதிரி. அந்த ரெண்டு குட்டியையும் மாத்தி வெச்சா பெத்தவளே பேசாம பால் குடுப்பா."

"அண்ணி, இது அறிவியல்."

"நானும் ஆறாயிரம் பிரசவம் பார்த்துட்டுத்தான் பேசறேன்."

நாத்தனாருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கணினி முன் உட்கார்ந்தாள். எலிகளிடம் அந்த மரபணு தனியாக இருப்பதில்லை. பிரதிக்குமேல் பிரதியாகப் பெருகி, ஒரே தெருவில் குடியிருக்கும் பங்காளிகள் மாதிரி வரிசையாக நிற்கும். நாலு எலிகளுக்கு அசலை எடுத்தவள், குட்டைவாலிக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பங்காளியை எடுத்திருந்தாள். அதுதான் எங்கும் ஒட்டாமல், ஏற்கெனவே ஒதுங்கி நின்ற முள்முதுகிடம் போய் ஒண்டியிருந்தது.

"அண்ணி," என்றாள். திரையில் தப்பான பிரதியைக் காட்டும்போதே கண் கலங்கிவிட்டது.

"அழுதா மரம் நனையும். சரியானத எடுத்துப் போடு. நான் பிரசவ நோட்டக் கொண்டு வரேன்."

பத்தேமுக்காலுக்குப் புது மரம் சுவரேறியது. குட்டைவாலியும் மணல்மேனியும் ஒரே கிளையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன.

குழு வந்ததும் கத்தரிக்கோல் அந்தக் கிளையைத்தான் பிடித்தார். "இவ்வளவு நெருக்கமா? ஜீனத் தவிர வேற சாட்சி இருக்கா?"

நாத்தனார் மறைக்கவில்லை. "இன்னைக்குக் காலை வரைக்கும் தப்பான பிரதிய வெச்சிருந்தேன் சார். கண்டுபிடிச்சது எங்க அண்ணி. கீழ விலங்குக்கூடத்துக்கு அவங்கதான் எல்லாம். இது அவங்க நோட்டு."

அவர் புரட்டினார். சினையான நாள், குட்டிக் கணக்கு, கண் திறந்த நாள் என்று பதினொரு வருஷம், ஒரு நாள் விடாமல் இருந்தது. அறை அப்படி அடங்கியது. கீழே எலிகள்கூட மெல்லுவதை நிறுத்தியிருக்கும். கடைசியில் பேனாவை எடுத்து ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார்.

"இந்த ரெண்டையும் நான் நேர்ல பார்க்கணும்மா," என்றார் அண்ணியிடம்.

அண்ணி ஓரடி உயர்ந்துவிட்டாள். விலங்குக்கூட வாசலில் அவரை நிறுத்தினாள்.

"ஷூவக் கழட்டுங்க சார். கையக் கழுவுங்க. முழங்கை வரைக்கும். அது பத்தாது, இன்னொரு தடவ."

மூன்று கண்டங்களை நடுங்கவைத்தவர் மறுபடியும் சோப்பை நுரைத்தார். வரிசையில் பின்னால் நின்ற நாத்தனார், யாரும் சொல்லாமலே சட்டைக்கையை மடித்துக்கொண்டாள்.