பெரிய ற போட்ட சறி

மெஷின் ரிப்பேர்காரர் அன்று கூப்பிடாமலே வந்து நின்றார்.

"எந்த மெஷின் மக்கர் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலையே" என்றாள் தையல்காரி. மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

"எண்ணெயாவது போட்டுட்டுப் போறேன்."

"போன வாரம்தானே போட்டீங்க? மெஷினுக்கா, தலைக்கா?" என்றேன் நான். அவள் தைத்துத் தரும் சட்டைகளுக்குப் பொத்தான் வைப்பவள் நான். அவள் முதுகுக்குப் பின்னால்தான் என் ஸ்டூல்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் மனைவியை இழந்தவர். இவளும் கணவன் இல்லாமல் மகன் வீட்டில் இருப்பவள். இருவருக்கும் தலை நரைத்தாயிற்று.

"நேத்து ஒண்ணு அனுப்பியிருந்தேனே."

"பதில்தான் போட்டேனே."

"வந்துச்சு. யார் போட்டதுன்னுதான் தெரியல."

மிதிப்பது நின்றது.

"அக்கா, நீங்களே பாருங்க." அவர் போனை என் கையில் திணித்தார்.

"ஐயோ, அவங்ககிட்ட ஏன் காட்டுறீங்க!"

அதற்குள் படித்துவிட்டேன். 'இனிமே நாம ஒண்ணா இருந்துடலாமா?' என்று அவர் கேட்டிருந்தார். கீழே, 'சரி.'

"சரின்னு இருக்கே. அப்புறம் என்ன உங்களுக்கு?"

"மேல தள்ளிப் பாருங்கக்கா."

தள்ளினேன். ஊசி வாங்கிட்டு வரேன்: சறி. பெல்ட் மாத்தணும்: சறி. நாளைக்கு வர முடியாது: சறி. எல்லாவற்றிலும் பெரிய ற, கால் மடக்கி உட்கார்ந்திருந்தது.

"இது மட்டும் சின்ன ர. புத்தகத்துல இருக்கிற மாதிரி சுத்தமா இருக்கு. இவங்க இப்படி எழுதினதே இல்ல. மருமகப் பொண்ணு போனை எடுத்து விளையாட்டுக்குப் போட்டுடுச்சோன்னு..." அவர் என்னிடம் சொல்வதுபோல் அவளிடம் சொன்னார். "அப்படின்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன். எப்பவும் போல எண்ணெய் போட வருவேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது.

"மருமககிட்ட கேட்டேன்."

"எதை?"

"சரிக்கு எந்த ரன்னு. வேற ஒண்ணும் சொல்லல. 'இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்ப எதுக்கு அத்தை?'ன்னா. சும்மாதான்னேன்." தலையை நிமிர்த்தவில்லை. "ஊசிக்கும் பெல்ட்டுக்கும் எப்படி எழுதினா என்ன? இதுக்குத் தப்பா எழுதிடக் கூடாதுன்னு தோணுச்சு."

அவர் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான் ஒரு மடையன். நேத்துல இருந்து சோறு இறங்கல."

"நல்லா வேணும். தப்பா எழுதினா சிரிப்பீங்க, சரியா எழுதினா சந்தேகப்படுவீங்க."

"எனக்குப் பழசே போதுங்க."

அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். எனக்குத் திடீரென்று ஊசியில் நூல் கோக்க வேண்டியிருந்தது. கோத்து முடித்துப் பார்த்தபோது, மேஜையில் கிடந்த ஒரு வெட்டுத் துணியில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தாள். சறி. ற மட்டும் சட்டைக் காலர் அளவுக்கு.

"இது நான்தானே?" என்றாள்.

"நீங்களேதான்."

தட்டி அழிக்கப் போன அவள் கையிலிருந்து துணியை வாங்கி, சாக் உதிராமல் மடித்து, கருவிப் பைக்குள் வைத்தார்.

"எண்ணெய் டப்பா பக்கத்துல வைக்காதீங்க."

"சரி" என்றார் அவர்.