வடிகாலுக்கு ஒரு முகம்

அண்ணனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தவரை எந்தப் பக்கமும் படியாத முடி, இப்போது சீப்பு சொன்னபடி கேட்டது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வாரியதைக் கையால் கொஞ்சம் கலைத்துவிட்டாள்.

அப்போது பெரியப்பா மகள் பின்னாலிருந்து தோளைத் தொட்டுத் தன் போனை நீட்டினாள். ஆறுதலாக ஏதோ காட்டுவதாக அவளுக்கு நினைப்பு.

"பாரு பொடி, அண்ணன் படத்தையே போட்டிருக்காங்க. எத்தனை பேர் வாங்குறாங்க பாரு."

பொடி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். நாற்பதை நெருங்கியும் அது அவளை விட்டுப் போகவில்லை. அட்டைப்படம் வரைவது அவள் தொழில். புத்தகங்களுக்கு வரைவாள், கணினி விளையாட்டுகளுக்கும் வரைவாள். அதனால் போனில் தெரிந்ததை முதலில் தொழில்காரியாகத்தான் பார்த்தாள். தங்கையாகப் பார்க்க இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

விளையாட்டுகள் விற்கும் ஆன்லைன் கடை அது. கட்டைவிரல் அகலத்துக்கு வரிசையாகப் படங்கள்: பறக்கும் கார்கள், கோட்டைகள், பண்ணை வீடுகள். நடுவில் கறுப்பு வெள்ளையில் அண்ணனின் முகம். அதன் கீழே 'வடிகால்: ஒரு கலைஞனின் கடைசிப் படைப்பு' என்று எழுதியிருந்தது. முகத்துக்கு இடப்பக்கம், ஓரத்தில், யாருடையதோ ஒரு துண்டுத் தோளும் ஒரு தொங்கட்டானும். வெட்டியவன் அவசரத்தில் விட்டுவைத்த மிச்சம்.

அது கல்யாணப் படம். அந்தத் தோள் அண்ணியுடையது.

அண்ணன் நகராட்சியில் சாக்கடைப் பிரிவு இன்ஜினியராக இருந்தவன். வேலையை உதறிவிட்டு, கல்லூரி நண்பன் ஒருவனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, வருஷக்கணக்கில் உட்கார்ந்து இந்த விளையாட்டைச் செய்தான். ஒரு ஊரின் வடிகால்களை ஆடுகிறவன் கையில் கொடுத்துவிடும் விளையாட்டு. மழை வரும். எந்த மதகைத் திறப்பது, எந்தப் பம்பை ஓட்டுவது என்று அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் வீடுகளுக்குள் தண்ணீர் புகும். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. பிடித்தவர்கள் சோறு தண்ணி மறந்து ஆடுவார்கள். பிடிக்கிற ஆட்களுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் அட்டைப்படம். கடையில் கண்ணை ஓட்டுகிறவன் ஒரு படத்தின் மேல் கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை. அதற்குள் இதில் தன் கைக்கு என்ன வேலை என்று அவனுக்குப் பிடிபட்டுவிட வேண்டும். பொடி ஊரை ரொட்டி போலக் குறுக்கே வெட்டி வரைந்தாள். மேலே விளக்கெரியும் ஒரு அறை, அதில் நிம்மதியாகத் தூங்கும் ஒரு ஆள். கீழே ஒரே ஒரு பெரிய குழாய், அதில் சீறிக்கொண்டு ஓடும் தண்ணீர். மேலே மஞ்சள், கீழே நீலம். தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் சேதி போய்ச் சேரும்.

அண்ணனுக்கு ஆகவில்லை. வால்வு எங்கே, பம்ப் எங்கே, மூன்று வகை மதகு இருக்கிறதே அதெல்லாம் எங்கே என்று குடைந்தான். அந்த அளவில் வால்வெல்லாம் ஈ எச்சம் மாதிரி இருக்கும் என்றாள் இவள். அவன் பிடிவாதமாகத் தானே ஒன்றை வரைந்து போட்டான். கடையில் அது ஆணிப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியது போலக் கிடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரம் போனில் இவள் மறுபடி ஆரம்பித்தபோது, "உனக்குப் படம்தான் தெரியும் பொடி. இந்த விளையாட்டே உனக்குப் புரியல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். நேற்றுக் காலை மேஜையிலேயே சாய்ந்துவிட்டான். டாக்டர் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அண்ணி சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். உட்கார் உட்கார் என்று எல்லோரும் சொன்னதற்குப் பயந்துதான் அங்கே போய் நின்றாள் போல. பொடி போனைக் காட்டினாள்.

"படத்தை நான்தான் குடுத்தேன்" என்றாள் அண்ணி. "துக்கச் செய்தி போடணும்னு அவரோட கூட்டாளி கேட்டாரு. உங்க அண்ணன் சிரிச்ச படம்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

பிறகு போனைக் கிட்டே வாங்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாளா, அந்த ஓரத்தைப் பார்த்தாளா தெரியவில்லை. குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

"என்னைய வெட்டியாச்சு" என்று சொல்லி, குழாயை மூடினாள்.

கூட்டாளி வாசலில் சவ வண்டிக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகப் பொடி அவரையும் அண்ணா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். இன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"அந்தப் படத்தை எடுங்க."

அவர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய், தாழ்ந்த குரலில், காய்ச்சல்காரிக்குச் சொல்வது போலச் சொன்னார். போனது அவருக்கும் உயிர் நண்பன்தானாம். யாரும் சீண்டாமல் கிடந்த விளையாட்டை இப்போதுதான் நாலு பேர் பார்க்கிறார்களாம். குடும்பத்துக்காகத்தான் இதெல்லாமாம். தொழில் தெரிந்த அவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லையாம்.

"தொழில் தெரிஞ்சதாலதான் சொல்றேன்" என்றாள். குரல் தானாக ஏறியது. "இந்த மூஞ்சியப் பாத்தா உள்ள சாக்கடை இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? பாவப்பட்டு வாங்குவான். திறந்து பாத்து ஏமாந்து போவான். நாளைக்கு அவனே அண்ணனத் திட்டி எழுதுவான். செத்தவனத் திட்டு வாங்க வைக்கவா படம் கேட்டு வாங்கிட்டுப் போனீங்க?"

"கோவத்துல பேசுறம்மா நீ."

"ஆமா. கோவம்தான்."

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை டிரைவர் நிறுத்தினார். அண்ணி ஈரக் கையோடு படியிறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் பொடியின் போனை வாங்கி, கடைக் கணக்கைத் திறந்தாள். அண்ணனின் பாஸ்வேர்டு அவளுக்கு மனப்பாடம். கூட்டாளி அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு ஏதோ சொல்ல வந்தார்.

"நீங்க எதுவும் பண்ண வேணாம்" என்றாள் அண்ணி. "நாங்களே எடுத்துக்கிறோம்."

முகம் போனது. அந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் நின்று வேறு படம் கேட்டது. பொடியின் போனில் இரண்டும் இருந்தன, அவன் வரைந்ததும் அவள் வரைந்ததும். அண்ணி போனை அவளிடம் நீட்டினாள். எதைத் தொடுவதென்று பொடியின் விரல் தயங்கியது.

"எது நல்லது?" என்றாள் அண்ணி.

"என்னோடது."

"அப்ப அதப் போடு."

போட்டாள். மேலே மஞ்சள், கீழே நீலம். பளிச்சென்று இருந்தது. சின்ன வயசிலிருந்து அவனோடு போட்ட சண்டைகளில் முதல் தடவையாக அவள் சொன்னது நடந்திருக்கிறது, எதிரே நின்று மறுக்க ஆள் இல்லாமல். போனைச் சுவரில் ஓங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. இப்படியா ஒருத்தன் விட்டுக்கொடுப்பான்?

தூக்கும்போது கூட்டாளியும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மயானத்தில் அவர் தேம்பித் தேம்பி அழுதார். நடிப்பாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. அது நடிப்பு இல்லை. அதனால் அவர் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீடுவரை சுமந்துகொண்டு வந்தாள்.

சாயங்காலம் சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போனது. அண்ணியைக் காணோமென்று தேடிப்போனால், அவள் அண்ணனின் அறையில், அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் விளையாட்டு திறந்திருந்தது. இதுவரை ஒருநாளும் அவள் அதைத் தொட்டதில்லை.

"இதுல அப்படி என்னதான் இருந்துச்சுன்னு பாக்குறேன்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. "சாப்பிட வாங்கன்னா, இந்த மழை நிக்கட்டும்பாரு. படுக்க வாங்கன்னா, இந்த மழை நிக்கட்டும்பாரு. ஒருநாளாவது நின்னுச்சா?"

திரையில் மழை பிடித்துக்கொண்டது. அண்ணி கண்ட கண்ட இடத்தில் எல்லாம் அழுத்தினாள். ஒரு மதகு மூடியது. மேட்டுத் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

பொடி முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அதத் திறங்க அண்ணி."

"எத?"

"தெரியல. எதையாவது திறங்க."

அண்ணி எதையோ திறந்தாள். தண்ணீர் அடுத்த தெருவுக்கும் போனது. சின்னச் சின்ன ஆட்கள் கட்டில்களைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். ஒருத்தன் மட்டும் ஏறவில்லை. வாசலில் நின்று, உள்ளே வந்த தண்ணீரை வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான்.