துவைத்துக் கொடுத்த சட்டை

நான் ஒல்லி பேசுகிறேன். வயது இருபத்திரண்டு. போன வாரம்தான் முடிந்தது, உங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, பரவாயில்லை. இப்போது ஆப்பிள் தோட்டத்துக் கேட்டுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பழக்கூடை மேல் உட்கார்ந்திருக்கிறேன். சிக்னல் இங்கே மட்டும்தான் வருகிறது. என் இரண்டு கையிலும் கட்டு. அதனால் நான் சொல்லச் சொல்ல ஃபோன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் தப்புத்தப்பாகப் போடுகிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

மாமா உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறார். எழுந்து உட்கார மாட்டேன் என்கிறார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். அந்தச் சத்தியத்தை இப்போது மீறுகிறேன். என் தலைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

இங்கே வெயில் போய்க் குளிர் வருகிற நேரம். இலைகள் ஓரத்தில் சிவக்க ஆரம்பித்துவிட்டன. காலையில் ஏணியைத் தொட்டால் ஈரம். பழம் பறிப்பு பாதிதான் முடிந்திருக்கிறது. இந்தச் சமயத்தில் பகலும் இரவும் சரிசமமாக வருகிற நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு இவர்கள் தோட்டத்துக்கு நடுவே வைக்கோலில் ஒரு ஆளைச் செய்து நிறுத்துவார்கள். பொழுது சாயும்போது கொளுத்துவார்கள்.

டிராக்டர் அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார். நம்மவர், இங்கே வந்து வெகுநாள் ஆகிறது. இவர்கள் பேசுவதை எங்களுக்குச் சொல்வதும் நாங்கள் பேசுவதை இவர்களுக்குச் சொல்வதும் அவர்தான். அவர்தான் விவரம் சொன்னார்.

"அன்னிக்கு தராசு நேரா நிக்குமாம்டா. இந்தப் பக்கம் சாயலாமா அந்தப் பக்கம் சாயலாமான்னு வருஷமே யோசிச்சிட்டு நிக்குமாம். போக வேண்டியதை அப்பவே வழியனுப்பி வச்சிட்டா, மிச்சம் இருக்கிறவங்க குளிரைத் தாண்டிருவாங்களாம்."

"என்னையும் அனுப்பிடச் சொல்லுங்க," என்றார் மாமா. "வீட்டுப் பக்கமா பாத்து."

மாமா அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா. எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல்.

அந்த வாரம் எங்கள் மேஸ்திரியம்மா ஒவ்வொரு கொட்டகையாகப் போய்ப் பழைய துணி கேட்டாள். நல்ல உயரம், வாய் திறந்தால் அதட்டல்தான், ஆனால் மனசு கெட்டவள் இல்லை. வைக்கோல் ஆளுக்குப் போர்த்துவதற்கு என்று கேட்டாள். கிழிந்தது, நைந்தது எதுவானாலும் சரி என்று டிராக்டர் அண்ணன் சொன்னார். மாமாவுடைய கட்டம் போட்ட தடிச்சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கை கிழிந்ததே, அதுதான்.

"அதைக் குடுத்துத் தொலைடா," என்றார் மாமா. "அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி."

நான் எடுத்துப் பார்த்தேன். ஒரே வேர்வை நாற்றம். இதை அப்படியே எப்படி ஒருவர் கையில் கொடுப்பது? அம்மா, நீயே சொல். பாத்திரக்காரருக்குப் போடுகிற துணியைக்கூட நீ அலசாமல் போட்டிருக்கிறாயா? நான் சோப்புப் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்தேன். காய வைத்தேன். ஒரு பட்டன் இல்லை, என் சட்டையிலிருந்து பிடுங்கித் தைத்தேன். எல்லாப் பட்டனையும் போட்டு, காலரை நிமிர்த்தி, கடையில் வாங்கினது மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

பழம் பிரிக்கிற கூடத்தில் பெரிய மேசை. அதில் ஒரு பக்கம் கந்தல் குவியல், சேறும் கிரீஸுமாக. இன்னொரு பக்கம் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் மடித்து வைத்த துணிகள் கொஞ்சம். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் மேஸ்திரியம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். டிராக்டர் அண்ணன் வண்டியோடு போயிருந்தார், அதனால் ஜாடையிலேயே யாருடையது என்று கேட்டாள். என் மாமாவுடையது என்றேன். பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் நாக்கில் அது புரளவே இல்லை, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத பெண்பிள்ளை, கண் கலங்கி நிற்கிறாள். பழம் பிரிக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டினார்கள். ஒருத்தி சூடாக டீ போட்டுக் கொடுத்தாள்.

வந்து மாமாவிடம் சொன்னேன். "ஒரு சட்டைக்கு இவ்வளவு மரியாதையா? என் பேண்ட்டையும் குடுத்துட்டு வாடா. விருந்தே வைப்பாங்க," என்றார்.

மாமாவுக்கு இங்கே பெயர் மீசை. ஆரம்பத்திலேயே அப்படி வைத்துவிட்டார்கள், உண்மைப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சொந்தக்காரர்கள் என்று மட்டும் எங்களைத் தெரியும். நான் வாய்க்கு வாய் மாமா மாமா என்கிறேனே, அது அவர்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பகலும் இரவும் சமமாகிற அந்த நாள் சாயங்காலம் எல்லோரும் வைக்கோல் ஆளைச் சுற்றி நின்றோம். மாமா குளிர் அறையில் பெட்டி அடுக்கிவிட்டுத் தாமதமாக வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். தீ வைத்தார்கள். கந்தல் போர்த்தின ஆள் குப்பென்று பற்றிக்கொண்டான். அதற்கப்புறம் மேஸ்திரியம்மா மடித்த துணிகளில் ஒன்றை எடுப்பாள், ஒரு பெயரைக் கூப்பிடுவாள், கூட்டம் முழுக்க அதைத் திருப்பிச் சொல்லும், அவள் துணியைத் தீயில் போடுவாள். சிலர் அழுதார்கள். எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. புகையோ என்னவோ என்று நினைத்தேன்.

பிறகு மாமாவின் சட்டை. மேஸ்திரியம்மா கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பெயரை ஒரு எழுத்து பிசகாமல் கூப்பிட்டாள். அத்தனை பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

"உள்ளேன் ஐயா!"

மாமாதான். கையைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸுக்குச் சொல்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரியம்மா கையிலிருந்த சட்டை அதற்குள் தீயில் விழுந்துவிட்டது. அவள் மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. டிராக்டர் அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க? மடிச்சு வச்சது எல்லாம் இந்த வருஷம் செத்தவங்க துணிடா! அவங்க பேரைத்தான் கூப்பிடறாங்க!"

நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய் இரண்டு கையாலும் சட்டையை இழுத்து வெளியே போட்டேன். சட்டைக் கை ஒன்று முழுக்கப் போய்விட்டிருந்தது. மிச்சத்தை மிதித்து அணைத்தேன். என் கை எரிந்தது அப்புறம்தான் தெரிந்தது.

மேஸ்திரியம்மா கத்தினாள். அழுதுகொண்டே கத்தினாள். டிராக்டர் அண்ணன் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.

"உயிரோட இருக்கிறவன் துணிய யாராவது துவைச்சு, மடிச்சு, பட்டன் தைச்சுக் குடுப்பாங்களான்னு கேக்கறா. செத்தவங்களுக்கு மட்டும்தானாம் அந்த மரியாதை. இருக்கிறவங்க துணிய அழுக்கோடதான் குடுக்கணுமாம்."

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்க சொல்லலையே!"

"நீ துவைப்பேன்னு நான் கண்டேனா? கிழிஞ்ச சட்டைய எவன்டா துவைப்பான்?"

"இப்ப என்ன சொல்றாங்க?"

அவர் சொல்லத் தயங்கினார். மாமா வந்து நின்று, "சும்மா சொல்லுங்க, என் சாவுக்கு என்கிட்ட என்ன ரகசியம்," என்றார்.

"பாதி எரிஞ்சிருச்சாம். கூப்பிட்டாங்க, நீங்களும் பதில் சொல்லிட்டீங்க. போகவும் இல்லாம இருக்கவும் இல்லாம நிக்கறீங்களாம். தராசு சாயறதுக்குள்ள எதாவது ஒரு பக்கம் இழுத்துக்குமாம்."

மாமா அன்றைக்குச் சிரித்தார். என் கைக்குக் களிம்பு தடவிவிட்டுக்கொண்டே, "உங்கக்காகிட்ட இருபது வருஷம் தாக்குப் பிடிச்சவன்டா நான். ஒரு சட்டை என்ன பண்ணிடும்," என்றார்.

ஆனால் மறுநாள் காலையிலிருந்து யாரும் அவர் பக்கத்தில் வரவில்லை. கோபம் இல்லை, திட்டவில்லை. விலகிப் போனார்கள், அவ்வளவுதான். அவர் தண்ணீர் குடித்த குழாயில் குடிக்கவில்லை. இங்கே ஏணி வேலை இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு எப்போதும் நான்தான் பிடிப்பேன். என் கையில் கட்டு. வேறு யாரும் பிடிக்க வரவில்லை. டிராக்டர் அண்ணன் அறுவடை வண்டியை விட்டு இறங்க முடியாது. மாமா தனியாகவே ஏறினார். ஈரப் புல், ஏணி வழுக்கிவிட்டது.

விலா எலும்பில் விரிசல். ஆஸ்பத்திரி நர்ஸம்மா பெரிதாக ஒன்றும் இல்லை என்றாள். தானாகவே கூடிவிடும். ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது. நன்றாக மூச்சு இழுத்து விட வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சலாகிவிடும், அப்புறம் கஷ்டம் என்றாள். நேற்றிலிருந்து உடம்பு சுடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். மாத்திரையைக் கையில் கொடுத்தால் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார்.

"மாமா, ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"வேண்டாம்டா."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க."

"அவ்வளவு பேரும் என் பேரைச் சொன்னாங்களேடா. ஊரே சேந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. என் வாழ்நாள்ல யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. நானும் வாய் சும்மா இருக்காம, வந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"அது அவங்க நம்பிக்கை. நமக்கு என்ன வந்துச்சு?"

"நம்மள அவங்களுக்குத் தெரியாது, சரி. ஆளைக் கூட்டிட்டுப் போறது எதுவோ, அதுக்குமா தெரியாது?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

இன்றைக்கு மத்தியானம் நான் மேஸ்திரியம்மா காலில் விழாத குறையாகக் கேட்டேன். இதற்கு மாற்று ஒன்றும் இல்லையா என்று. டிராக்டர் அண்ணன் நடுவில் நின்றார். அவள் ஒரு வழி சொன்னாள். பேர் சொல்லி அனுப்பியவரைப் பேர் சொல்லித்தான் திருப்பிக் கூப்பிட முடியுமாம். அதுவும் அவர் உலை வைத்துச் சாப்பிடுகிற வீட்டிலிருந்து, அந்த வீட்டுக்காரர்கள் கூப்பிட வேண்டுமாம். தீயைப் பார்த்தவர்கள் கூப்பிட்டால் செல்லாது. துணி கொடுத்தவன் கூப்பிட்டாலும் செல்லாது.

இருந்தாலும் நான் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டில் ஓரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அவர் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். மாமா திரும்பிப் பார்த்தார்.

"டேய், பெரியவங்கள பேர் சொல்லியா கூப்பிடற? பல்லு பேந்துடும்."

அவ்வளவுதான். மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிட்டார். ஆனால் திட்டினாரே, அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

அவருக்கு அம்மா அப்பா இல்லை. பிள்ளைகள் அப்பா என்றுதான் கூப்பிடும், நீங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவீர்கள். மிச்சம் அக்கா ஒருத்திதான். அக்காவைப் பற்றி உங்களுக்கே தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. என்னங்க, இந்தாங்க, காது கேக்குதா, இவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் பெரியவளை முன்னால் தள்ளிவிடுவாள். பெரியவள் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரிடம் ஜாடை காட்டுவாள். அந்தப் பெயரே இருக்கிற கடைக்குப் போனால்கூட "முக்குக் கடை" என்பாள்.

எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தெரியவில்லை. அவருக்கு இருக்கிறது. அது போதும், அதுதான் அவரைப் படுக்க வைத்திருக்கிறது. அக்கா குரலில் தன் பெயரைக் கேட்டால் அவர் எழுந்து உட்காராமல் இருக்க மாட்டார். ஆச்சரியத்திலேயே எழுந்துவிடுவார். எழுந்தால் மாத்திரையும் கஞ்சியும் என் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டாவது போய்விடுவேன்.

ஃபோனில் நேராகப் பேச வைக்க முடியாது. அவரால் இந்தக் கேட் வரைக்கும் நடக்க முடியாது, கொட்டகைக்குள் சிக்னல் கிடையாது. அதனால் குரலைப் பதிவு செய்து அனுப்பினால் போதும். இங்கே வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிப்போய் அவர் காதில் வைக்கிறேன்.

அப்பாவோ, அம்மாவோ, பெரியவளோ, யார் கையில் இந்த ஃபோன் இருந்தாலும் சரி. முதலில் அக்காவை உட்கார வைத்து, அவருக்கு உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, இதைப் படித்துக் காட்டுங்கள். வெட்கமாக இருந்தால் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுங்கள். திட்டியே சொல்லட்டும், அழுதுகொண்டே சொல்லட்டும். அவர் பெயரைச் சொல்லி, எழுந்து சாப்பிடச் சொல்லி, தயவுசெய்து இன்றைக்கே அனுப்பி வையுங்கள்.