வாயைக் கொடுத்த சிங்கம்

பல் டாக்டரின் ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. கடித்தது நாயோ பூனையோ அல்ல, காய்கறிச் சந்தையின் ஏலக்காரர். அந்த மனிதருக்கு மைக் தேவையில்லை. ஒரு தடவை விலை கூவினால் சந்தையின் மறுகோடியில் லாரிக்குள் தூங்குகிற டிரைவர் எழுந்து உட்காருவார். அப்பேர்ப்பட்டவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை. முதல் தடவை வந்தபோது டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார். இரண்டாவது தடவை ஊசியைப் பார்த்ததும், கழுத்தில் கட்டிய நீலத் துணியோடு தெருவில் இறங்கி ஓடினார். துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தது அவர் மனைவி. இன்றைக்கு மூன்றாவது தடவை வருகிறார்.

"எப்படித்தான் அந்த ஆளைச் சமாளிக்கப் போறேனோ," என்று காலையில் சாப்பாட்டு மேஜையில் டாக்டர் அலுத்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கு அது போதும். கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற அவள், அண்மையில் குறி பார்க்கிற டாரட் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கியிருந்தாள். அன்று முதல் வீட்டில் யாராவது தும்மினால்கூட ஒரு சீட்டை உருவிப் பார்க்காமல் விடுவதில்லை.

"ஒரே ஒரு சீட்டு, அண்ணி. அந்த ஏலக்காரரை மனசுல நினைச்சுக்கிட்டு எடுங்க."

"அவரை வேற நான் மனசுல நினைக்கணுமா?" என்று சொல்லிக்கொண்டே எடுத்தாள்.

சீட்டில் வெள்ளை உடையில் ஒரு பெண். தலையிலும் இடுப்பிலும் பூமாலை. குனிந்து ஒரு சிங்கத்தின் வாயில் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

நாத்தனார் துள்ளிக் குதித்தாள். "வலிமை! இதைவிடப் பொருத்தமான சீட்டு இந்தக் கட்டுலேயே கிடையாது. வெள்ளை கோட்டு, வாய்க்குள்ள கை. அண்ணி, இது நீங்களேதான்!"

"முதல்ல அவளைக் கையுறை போடச் சொல்லு."

டாக்டரின் கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அவ தலைக்கு மேல என்ன, மூக்குக்கண்ணாடி பறந்து போகுது?"

"கண்ணாடி இல்லண்ணா, படுத்திருக்கிற எட்டு. முடிவே இல்லாததுன்னு அர்த்தம். அவ பொறுமைக்கு அளவே கிடையாதுன்னு காட்டுது."

"அப்படின்னா இது உங்க அண்ணி இல்லை," என்று சொல்லிவிட்டு, மனைவி முறைப்பதைப் பார்க்காதவன் போல தேநீரை உறிஞ்சினான்.

அடுத்த சண்டை, அந்தப் பெண் சிங்கத்தின் வாயைத் திறக்கிறாளா மூடுகிறாளா என்பதில் வந்தது. கணவன் மூடுகிறாள் என்றான், மிருகத்தை அடக்குகிறாளாம். அடக்குவதாக இருந்தால் சங்கிலி இருக்காதா, பூமாலை எதற்கு என்று நாத்தனார் மல்லுக்கு நின்றாள். டாக்டர் சீட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இப்படிப் பிடிச்சா ஒரு பல்லும் தெரியாது. வெளிச்சமும் பத்தாது."

"எக்ஸ்ரே மாதிரிப் பாக்காதீங்க, அண்ணி!" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, சீட்டை அவள் கைப்பைக்குள் செருகி அனுப்பினாள்.

கிளினிக்கில் ஏலக்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு கைகளும் கைப்பிடிகளை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தன. இந்தத் தடவை அவர் மனைவி எச்சரிக்கையாகக் கதவுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் பையிலிருந்து பேனாவை எடுக்கும்போது சீட்டும் கூடவே வந்து மேஜையில் விழுந்தது.

"டாக்டர், அது என்ன படம்?" என்றார் ஏலக்காரர் அவசரமாக.

நேரத்தைக் கடத்தப் பார்க்கிறார் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. வேறு நாளாக இருந்தால், 'அதெல்லாம் அப்புறம், வாயைத் திறங்க' என்றிருப்பாள். விரல் இன்னும் விண்விண் என்றது. சீட்டை அவரிடம் நீட்டினாள்.

"காலையிலேர்ந்து எங்க வீட்டுல இதுக்குத்தான் சண்டை. இவ வாயைத் திறக்கிறாளா, மூடுறாளா? நீங்களே சொல்லுங்க."

அவர் சீட்டை எட்டப் பிடித்து, காலிஃபிளவரை எடைபோடுகிறவர் போலப் புரட்டிப் பார்த்தார். "அது கிடக்கட்டும். வாலைப் பாத்தீங்களா? காலுக்கு நடுவுல சொருகி வெச்சிருக்கு. பாவம், வெலவெலத்துப் போயிருக்கு."

உண்மைதான். வீட்டில் மூன்று பேரும் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் வாலை யாரும் கவனிக்கவில்லை.

"அவ இவ்வளவு மெதுவாத்தானே பிடிச்சிருக்கா? எதுக்குப் பயப்படணும்?"

ஏலக்காரர் யோசித்தார். சந்தையையே எழுப்புகிற குரல் தணிந்து வந்தது. "அவ நல்லவளாவே இருக்கட்டும், டாக்டர். வாயை அவகிட்ட குடுத்தாச்சே. வலிச்சா நிறுத்துன்னு எப்படிச் சொல்லும்? கத்தவும் முடியாது. கடிச்சாத்தான் உண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. டாக்டரின் பிளாஸ்திரியை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் இவரை முரட்டு ஆள், வீம்புக்காரர் என்றுதான் நினைத்திருந்தாள். இரண்டு தடவையும் அவள் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை 'பேசாதீங்க' என்பதுதான். வாயால் பிழைக்கிறவரிடம்!

நாற்காலியை நிமிர்த்தினாள். "வாயைத்தானே என்கிட்ட குடுக்கறீங்க, கை உங்ககிட்டதானே இருக்கு? கையைத் தூக்குங்க, அந்த நிமிஷமே நிறுத்திடறேன்."

"எங்க இடத்துல கையைத் தூக்கினா விலை ஏறும், டாக்டர்."

"இங்க வேலை நிக்கும்."

அவர் நம்பவில்லை, சோதித்துப் பார்த்தார். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி உதட்டைத் தொட்டதும் கை உயர்ந்தது. டாக்டர் பின்வாங்கிக் கையைக் கட்டிக்கொண்டாள். அவர் கை இறங்கியது. மறுபடி உயர்ந்தது, மறுபடி பின்வாங்கினாள். ஊசி வந்தபோது இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். அவள் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள். அவசரமே இல்லாதவள் போல நின்றாள். நிஜமாகவே அவசரம் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"சரி, டாக்டர். போடுங்க."

வாய் மரத்த பிறகு கை உயரவே இல்லை. கடைசியில் பல் கழன்று வந்தபோது இரண்டு கைகளும் வயிற்றின் மேல் கோர்த்தபடி கிடந்தன.

"பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க. இன்னைக்குப் பேச்சைக் குறைச்சுக்கங்க. ஏலமெல்லாம் கூவவே கூடாது."

மனைவி ஸ்டூலைவிட்டு எழுந்து வந்தாள். "டாக்டர், ஒரு மாசம்னு சொல்லுங்களேன்."

பஞ்சு வாயோடு அவர் சிரிக்கப் பார்த்தார். பாதி முகம்தான் சிரித்தது.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே நாத்தனார் மடக்கினாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே ஓடி டாரட் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைப் புரட்டினாள். பொறுமை, மனோதிடம், கருணை என்று வரிசையாக இருந்தது. வாலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

"அண்ணி, அவரை ஒருநாள் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"எதுக்குடி?"

"இன்னும் எழுபத்தேழு சீட்டு இருக்கே!"

"முதல்ல அவர் வாய் ஆறட்டும்," என்றாள் டாக்டர், சிரிப்பை அடக்க முடியாமல்.