பின்வரிசையில் இரண்டாவது

சாப்பிட்ட கையைக் கழுவக்கூட எழுந்திருக்காமல், சிட்டு இடது கையால் போனைத் திறந்து பல் ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலையும் ஆஸ்பத்திரி திறந்திருக்கும் என்று நேற்று மாற்றிப் போட்டிருந்தாள். அது சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். தெரிந்தது. அந்தத் திருப்தியில் விரலால் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். ஒரு குழுப்படம் மேலிருந்து மெல்ல நிரம்பி வந்தது. முதலில் சுவர், பிறகு தலைகள், அப்புறம் முகங்கள். பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக வரவேற்பு மேசைப் பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் அங்கே இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் சிட்டுதான் அதை நீக்கியிருந்தாள்.

எதைச் செய்தாலும் பறந்துகொண்டே செய்வதால் வீட்டில் வைத்த பெயர் சிட்டு. கை வேகம், வாய் அதைவிட வேகம். சின்னச் சின்னக் கடைகள், இரண்டு டியூஷன் சென்டர், இந்தப் பல் ஆஸ்பத்திரி என்று சில பேருக்கு வெப்சைட் செய்துகொடுத்துப் பராமரிப்பது அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் ஆண்டு நிறைவுக்கு டாக்டரம்மா எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த படத்தை, கேட்ட அன்றைக்கே ஏற்றிவிட்டாள். கேட்காததையும் செய்தாள். கீழே பெயர் போட்டால் தேடுகிறவர்களுக்குச் சட்டென்று அகப்படும் என்று ஒவ்வொருவர் பெயரையும் வரிசையாக எழுதிவைத்தாள்.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பெண் கூப்பிட்டாள். சிட்டு அப்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படத்தில் தான் நன்றாக இல்லை, எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள் அவள். நாம எல்லாருமே அப்படித்தான் இருக்கோம் என்று சிட்டு சிரித்தாள். மறுபக்கம் சிரிப்பு வரவில்லை.

“அவரு தேடிட்டிருக்காருக்கா. பாப்பாவைத் தூக்கிட்டு ஊரு ஊரா மாறிட்டிருக்கேன். பையெல்லாம் கட்டி வெச்சுட்டேன். நாளைக்குக் கெளம்பறோம்.”

சிட்டுவுக்கு ரத்தம் கொதித்தது. எங்கேயும் போகாதே, ரெண்டு நிமிஷம் கொடு என்றாள். ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே, போனிலிருந்தே வெப்சைட்டுக்குள் நுழைந்து, பழைய படத்தை அழித்து, பின்வரிசையின் ஓரத்தை வெட்டிய படத்தை அந்த இடத்தில் வைத்தாள். பெயரையும் எடுத்தாள். உடனே கூப்பிட்டாள்.

“போயிடுச்சும்மா. இனிமே அவன் தலைகீழா நின்னாலும் கெடைக்காது. பையைப் பிரி.”

மறுநாள் ‘பிரிச்சுட்டேன்க்கா’ என்று ஒரு வரி வந்தது. அதைப் பார்த்தபோது சிட்டுவுக்குத் தன்மேல் ஒரு பெருமை வந்தது உண்மை. கணவனிடம்கூட இரண்டு தடவை சொல்லிக்காட்டினாள்.

இப்போது எச்சில் கை காய, அவள் செய்து வைத்தது அவளுக்கே விளங்கியது. உலகம் பார்க்கும் வெப்சைட் ஒன்று. அதை உண்டாக்கும் மூலக் கோப்புகள் வேறு. அவை அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, படங்களும் அங்கேதான் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. எந்த மாற்றத்தையும் முதலில் அங்கே செய்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். தொழிலில் நேற்று வந்த குழந்தைக்கும் இது தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டு வெளியே இருந்ததை மட்டும் மாற்றியவள், வீட்டுக்குப் போய் உள்ளே இருந்ததை மாற்ற மறந்துபோனாள். நேற்று மதியம் ஞாயிற்றுக்கிழமை நேரத்தைத் திருத்தி அனுப்பியபோது, அனுப்புகிற கருவி மூலத்தில் இருந்த பழைய படத்தையும் பெயரையும் கர்மசிரத்தையாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டது. அதைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. வெளியே இருக்கும் படம் வேறு மாதிரி இருக்கிறது, இதை மேலே போடட்டுமா என்று அது கேட்கத்தான் செய்தது. சிட்டு படிக்காமல் ‘சரி’யை அமுக்கியிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். இந்த முறை மூலத்திலும் அழித்தாள், வெளியிலும் அழித்தாள், திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தாள். சரியாகிவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது, ஒரு நாள்தானே இருந்தது என்று மனசு ஒரு பக்கம் இதமாகப் பேசியது. அந்த இதம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எந்த ஊரிலிருந்து, எந்தப் போனில் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் பதிவைத் திறந்தாள். பல் வலிக்காரர்கள் நேரத்தைப் பார்ப்பார்கள், போன் நம்பரைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் நேற்று சாயங்காலம் அந்தப் படத்தை மட்டும் தனியாகத் திறந்து, பெரிதாக்கி, மறுபடி மறுபடி பார்த்திருந்தார். எங்கேயோ தள்ளியிருக்கும் ஓர் ஊர். சிட்டுவுக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது. அந்தப் பெண் எந்த ஊர்க்காரி என்றும் அவள் கேட்டதில்லை.

கூப்பிட்டுப் பார்த்தாள். வேலை நேரத்தில் அந்தப் பெண்ணின் போன் டிராயருக்குள் கிடக்கும். ஆஸ்பத்திரி நம்பரில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். பதிவைப் போனுக்கு அனுப்பிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் மட்டும் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டரம்மா யாருடைய பல்லையோ குடைந்துகொண்டிருக்கும் சத்தம். மேசைப் பெண் நிமிர்ந்து, வாங்கக்கா என்று சிரித்தாள். அதே சிரிப்பு. சிட்டு குரலைத் தாழ்த்தி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். படம் நேற்றிலிருந்து மறுபடி இருந்தது. தப்பு என்னுடையது. இப்போது எடுத்தாயிற்று, ஆனால் யாரோ பார்த்திருக்கிறார்கள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் சிரிப்பு போகவில்லை, முகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது.

போனை வாங்கி ஊர்ப்பெயரைப் பார்த்தாள். தெரிந்த ஊர்தான் என்பதுபோல் தலையை ஒரு தடவை அசைத்தாள். விரல் கீழே கீழே தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரியில் நின்றது. அவசரத்தில் சிட்டு அதுவரைக்கும் போயிருக்கவில்லை.

“இது இன்னைக்குக் காலையிலக்கா. அதே போன்தான்.”

“அதே ஊரா?”

“இல்ல. இந்த ஊரு.”

அவள் அழவில்லை. டிராயரைத் திறந்து தன் போனையும் ஒரு சின்னப் பையையும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பை தயாராகவே இருந்ததைப் பார்த்தபோது, அவள் எல்லாவற்றையும் பிரித்திருக்கவில்லை என்று சிட்டுவுக்குப் புரிந்தது. புகார் கொடுக்கலாம், நானும் வருகிறேன் என்றாள். கொடுத்தாச்சுக்கா, ரெண்டு ஊர்ல கொடுத்தாச்சு என்றாள் அவள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

“எங்க போவ?”

“அத உங்ககிட்ட சொல்ல மாட்டேன்க்கா.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

டாக்டரம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் முடித்துவிட்டு வரும்வரை இங்கே உட்காருங்கள், மேசை காலியாக இருந்தால் யாராவது பின்பக்கம் தேடிக்கொண்டு வருவார்கள் என்று சொல்லிவிட்டு, மருந்து அலமாரியைத் தாண்டிப் பின்கதவு வழியாகப் போய்விட்டாள். சிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் சூடாக இருந்தது. மேசைமேல் பாதி குடித்த டீ இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

டாக்டரம்மாவுக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பல வருஷம் ஒரு பூப்படம் தொங்கிய இடத்தில், வந்தவர் எல்லோரும் பார்க்கிற உயரத்தில் மாட்டியிருந்தார். பின்வரிசையில் இடமிருந்து இரண்டாவது. கீழே பெயர்கள்.

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். படம் ஆணியைவிட்டு வர அடம்பிடித்தது. என்னம்மா, தூசி தட்டறியா என்று பெரியவர் வீங்கின வாயால் கேட்டார். ஆமாங்க என்றாள். ஒரு வழியாகக் கழன்று வந்த படத்தை, முகங்கள் தன் பக்கம் இருக்குமாறு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டபோது, பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது.

திரும்பினாள். கசங்கின சட்டை. தோளில் பிரயாணப் பை. கன்னத்தில் வீக்கம் எதுவும் இல்லை.

“இங்க வேலை செய்யறவங்க யாரும் இல்லீங்களா?” மரியாதையான குரல்.

“நாந்தாங்க” என்றாள் சிட்டு.

அவன் தலையாட்டினான். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுப்பாக, நடுவில் ஓர் ஆணியோடு இருந்தது. அதைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சட்டத்தின் அட்டை முதுகைப் பார்த்தான். பிறகு, பரவால்லீங்க, வெயிட் பண்றேன் என்று அந்த வெளுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே குடைகிற சத்தம் நின்றது. சிட்டு நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடி அவள் நெஞ்சில் சில்லென்று அழுத்திக்கொண்டிருந்தது.