ஒரே மாதிரித் தப்புகள்

வங்கி குமாஸ்தா வேலைக்கு இருபத்தாறு வயதுதான் எல்லை. ஜஹானாரா 1987ஆம் வருஷத்து விளம்பரத்துக்கு நான்கு மாத வித்தியாசத்தில் எல்லைக்குள் வந்துவிட்டாள். அடுத்த விளம்பரம் வரும்போது வயது தாண்டிவிடும். அதற்கு முன் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டிருந்தாள். முதல் தடவை கணக்கு காலை வாரிவிட்டது. இரண்டாம் தடவை பரீட்சை அன்று அவளுடைய அத்தாவுக்கு விஷக் காய்ச்சல். பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, பரீட்சைக்கே போகவில்லை.

அத்தா உஸ்மான் கனிக்குப் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. கடைக்கு மேலேயே வீடு. ஆணி மடித்துக் கொடுப்பதற்காகப் பழைய இங்கிலீஷ் பேப்பரைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போடுவார். பள்ளி முழுக்கத் தமிழில் படித்த ஜஹானாராவுக்கு அந்தக் கட்டுகள்தான் இங்கிலீஷ் கற்றுக் கொடுத்தன. பாதியில் கிழிந்திருக்கும் செய்திக்கு மீதி என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்தே படித்தாள். அஞ்சல் வழியில் பி.காம். முடித்துவிட்டு, பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தாள்.

லோகநாயகியை அவள் அம்பத்தூரில் ஒரு டுடோரியலில் சந்தித்தாள். ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அப்பா வேலுசாமி அங்கே ஃபிட்டர். லோகநாயகிக்கு இருபத்தொன்றுதான் ஆகியிருந்தது. கணக்கில் புலி. மனக்கணக்காகவே வட்டியைச் சொல்லிவிடுவாள். இங்கிலீஷ் பாசேஜைப் பார்த்தால் மட்டும் கை வியர்த்துவிடும். டுடோரியல்காரர் கணக்குக் குறுக்குவழியைத் தவிர வேறெதுவும் சொல்லித்தரவில்லை. ஒரு மாதத்தில் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"அக்கா, எனக்கு காம்ப்ரிஹென்ஷன் மட்டும் சொல்லிக் குடுங்களேன். நான் உங்களுக்குக் கணக்கு சொல்லித்தரேன்" என்றாள் லோகநாயகி.

அப்படித்தான் ஆரம்பித்தது. புதனும் சனியும் மத்தியானம் ஆவடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாள். ஜஹானாராவின் அம்மா ரசூல் பீவி டீ போட்டு வைத்திருப்பாள்.

ஒருநாள் பாசேஜில் டீயைப் பற்றித்தான் வந்திருந்தது. ஏதோ ஒரு ஊரில் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் நோய் வந்ததாம், அதனால்தான் ஜனங்கள் டீக்கு மாறினார்களாம். அவர்கள் ஏன் டீ குடித்தார்கள் என்பது கேள்வி. லோகநாயகி 'சுறுசுறுப்புக்காக' என்பதைக் குறித்திருந்தாள்.

"எங்க போட்டிருக்கு சுறுசுறுப்புன்னு? வரியைக் காட்டு."

"போடலக்கா. ஆனா டீ குடிச்சா சுறுசுறுப்புதானே வரும்?"

"அது உனக்குத் தெரிஞ்சது. உனக்குத் தெரிஞ்சதை இவன் கேக்கல. இதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் எடு. உன் புத்தியைத் தூக்கி வெளிய வை."

லோகநாயகி சிரித்தாள். ஆனால் நான்கு மாதத்தில் பத்துக்கு மூன்று சரியாகப் போட்டவள் ஆறுக்கு வந்தாள். ஜஹானாராவுக்கும் சதவீதக் கணக்கில் பயம் போனது.

விண்ணப்பங்களை ஒரே நாளில், ஒரே மேஜையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். ஒரே தபால் ஆபீஸில் போட்டார்கள். ஹால் டிக்கெட் வந்தபோது நம்பர் அடுத்தடுத்து இருந்தது. எல்லோரையும்விட உஸ்மான் கனிக்குத்தான் சந்தோஷம்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவே போய்ட்டு வந்துடுங்க. கடையை மூடிகினு நான் வரத் தேவையில்ல பாரு" என்றார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. ஆவடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதினார்கள். ஜஹானாரா முன் பெஞ்சில், லோகநாயகி அவளுக்கு நேர் பின்னால். விடைத்தாளில் பென்சிலால் வட்டம் கறுப்பாக்க வேண்டும். ஜஹானாரா எதையும் அழுத்தி எழுதுபவள். அவள் கறுப்பாக்கிய வட்டங்கள் தூரத்திலிருந்தே தெரியும்.

பாசேஜ் ஒரு மில் ஊரைப் பற்றியது. அங்கே பெண்கள் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டிருந்தான். ஜஹானாரா யோசிக்கவேயில்லை. 'கணவன் வீட்டார் விரும்பவில்லை' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

திரும்பும் ரயில் வில்லிவாக்கம் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அய்யோ லோகு! அந்த மில் பாசேஜ். ஷிஃப்ட் நேரத்துக்கு வர்ற பஸ்ஸை நிறுத்திட்டாங்க, அதான் நின்னாங்கன்னு மூணாவது வரியிலயே இருந்துச்சு. நான் புருஷன் வீட்டுக்காரங்கன்னு போட்டுட்டேன்."

லோகநாயகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் அதான்க்கா போட்டேன்" என்றாள்.

"போச்சு போ. ரெண்டு பேருக்கும் ஒரு மார்க்கு போச்சு" என்று அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள் ஜஹானாரா.

முடிவு ஜூலையில் பேப்பரில் வந்தது. இரண்டு நம்பரும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்கும் ரிஜிஸ்தர் தபால் வந்தது. பக்கத்து நம்பர்காரரின் விடைகளோடு உங்கள் விடைகள் ஒத்துப்போகின்றன, முறைகேடு என்று முடிவு செய்து உங்கள் தேர்வை ரத்து செய்திருக்கிறோம், மூன்று வருஷத்துக்கு எழுத முடியாது.

ஜஹானாரா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு கீழே இறங்கிப்போய் அத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். அவர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"நீ பாத்து எழுதினியாமா?"

"இல்லத்தா."

"சரி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்டதே அவளுக்குத் தபாலைவிடப் பெரிய அடியாக இருந்தது.

அன்று மாலையே லோகநாயகி ஓடிவந்தாள். அழுதாள். "நாம ஒண்ணா படிச்சோம்லக்கா, அதான் ஒரே மாதிரி வந்திருக்கு. அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?" என்றாள். ஜஹானாரா அதை நம்பினாள். நம்புவதற்குத்தான் அவளுக்கு விருப்பம். இருவரும் ஒரே முறையில் பயிற்சி செய்தவர்கள், அதனால் விடைகள் ஒத்துப்போயிருக்கலாம் என்று அவளே ஒரு மனு எழுதி, அத்தாவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போனாள். லோகநாயகி காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை.

அங்கே ஒரு நடுத்தர வயது அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்தார்.

"இங்கிலீஷ் நல்லா எழுதறியேம்மா" என்றார். பிறகு ஒரு கோப்பைப் பார்த்தார். "இங்கிலீஷ்ல அம்பது கேள்வி. நீ ஏழு தப்பு. அந்தப் பொண்ணும் ஏழு தப்பு. அதே ஏழு. அந்த ஏழுலயும் நீ எந்த வட்டமோ அவளும் அதே வட்டம். ஒண்ணா படிச்சா ஒரே மாதிரி சரியா எழுதலாம். ஒரே மாதிரித் தப்பா எப்படிம்மா எழுதுவீங்க?"

ஜஹானாராவுக்கு ரயில் ஜன்னலும், 'நானும் அதான்க்கா போட்டேன்' என்ற குரலும் நினைவுக்கு வந்தன.

"இன்னாமா சொல்றாரு?" என்றார் உஸ்மான் கனி. பிறகு அதிகாரியைப் பார்த்து, "சார், எம்பொண்ணு திருடலீங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் அங்கே சொல்லாமலிருந்திருக்கலாம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "யார் யாரைப் பாத்ததுன்னு கம்ப்யூட்டர் சொல்லாது பாய். பாத்து எழுதினவங்க தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இன்னொருத்தர் பேப்பரை மறுபடி பாக்கச் சொல்லி மேல அனுப்பலாம். பதினஞ்சு நாள்ள குடுக்கணும்."

"எழுதிக் குடுத்தவங்களுக்கு?" என்று கேட்டாள் ஜஹானாரா.

"அவங்க அப்புறம் எப்பவும் எழுத முடியாது."

மறுநாள் ஜஹானாரா தனியாக ஆவடிக்குப் போனாள். லோகநாயகிக்குக் காய்ச்சல் இல்லை. குவார்ட்டர்ஸ் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜஹானாராவின் முகத்தைப் பார்த்ததும் வாளியை அப்படியே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனாள்.

"எத்தனை பாத்த?"

லோகநாயகி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மொதல்ல ஒண்ணு ரெண்டுதான்க்கா. அந்த மில் பாசேஜ் ஒண்ணுமே புரியல. அப்புறம் கை நிக்கல" என்றாள்.

"அதை எழுதிக் குடு லோகு. அது போதும்."

அதிகாரி சொன்னதையெல்லாம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. எழுதிக் கொடுப்பவள் இனி எழுத முடியாது என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று பின்னால் பல வருஷம் நினைத்திருக்கிறாள்.

லோகநாயகி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முடியாதுக்கா."

"எனக்கு இதான் கடைசி. உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா. உங்களுக்கு எப்படியும் முடிஞ்சு போச்சு. நான் எழுதிக் குடுத்தாலும் மறுபடி பாக்கறேன்னுதானே சொல்றாங்க, வேலை குடுக்கறேன்னு சொல்லலியே? எனக்கு மூணு வருஷம் போனா இருபத்திநாலு. இன்னும் ரெண்டு தடவை எழுதலாம்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. வட்டிக் கணக்கு போட்டுச் சொல்வதுபோல, கூட்டி, கழித்து, விடையைச் சொன்னாள். ஜஹானாரா அவள் கன்னத்தில் அறைந்தாள். அடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். வீட்டு வாசலிலிருந்து லோகநாயகியின் அம்மா பூங்காவனம் பார்த்துவிட்டாள்.

பூங்காவனத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பூந்தமல்லி டீச்சரம்மா தன் பெண்ணைப் பார்த்து எழுதி அவள் வாழ்க்கையையும் கெடுத்ததோடு, வீடு தேடி வந்து அடித்தாள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னாள். லோகநாயகி அதை மறுக்கவில்லை.

ஜஹானாரா சும்மா இருக்கவில்லை. நடந்ததையெல்லாம் மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். தொட்டியடியில் பேசியது, ரயிலில் பேசியது, எல்லாம். அவள் அதுவரை எழுதியதிலேயே சிறந்த இங்கிலீஷ் அதுதான். ஒன்றரை மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. முன்பு எடுத்த முடிவே இறுதியானது.

பேச்சு பஸ்ஸேறிப் பூந்தமல்லிக்கும் வந்தது. நர்சரிப் பள்ளித் தலைமையாசிரியை ஞானம்மாள் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "நான் எதையும் நம்பலம்மா. ஆனா நாலு பேரன்ட்ஸ் கேக்கறாங்க. நீ கிளாஸ் எடு. பரீட்சை ஹால் டியூட்டி மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்" என்றார். அந்த அரைப் பரீட்சையில், ஏழு வயதுப் பிள்ளைகள் இரண்டாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்க, ஜஹானாரா ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தாள்.

மறு வருஷம் அவளுக்கு நஜீரோடு கல்யாணம் நடந்தது. அதே தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். நல்ல மாதிரி. வேலைக்குப் போக வேண்டாம் என்று அவன் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவளும் நர்சரிப் பள்ளிக்கே போய்வந்தாள்.

1990 முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் அம்மா வீட்டில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது படியேறி வந்தாள் லோகநாயகி. தோளில் தொங்கிய பையில் புது கைடு தெரிந்தது.

"தப்புதான்க்கா. அப்ப சின்ன வயசு, பயம்" என்றாள். குழந்தையின் பெயரைக் கேட்டாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டே, "மறுபடி எழுதறேன். பாசேஜ் மட்டும் இன்னும் வரமாட்டேங்குது. நீங்க சொல்லித்தர்ற மாதிரி யாரும் சொல்லித்தரலக்கா" என்றாள்.

ஜஹானாராவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. குழந்தை விழித்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"கீழ கடையில எங்க அத்தா இருக்காரு. அவர்கிட்ட போய்ச் சொல்லு. நான்தான் பாத்து எழுதினேன், உங்க பொண்ணு இல்லன்னு. பேப்பர்ல எழுத வேணாம். யார்கிட்டயும் போகாது. வாயால சொல்லிட்டு மேல வா. தினமும் சொல்லித்தரேன்."

"அவர்கிட்ட இப்ப சொல்லி என்னக்கா ஆவப்போகுது?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. போய்ச் சொல்லு."

லோகநாயகி எழுந்து இறங்கினாள். ஜஹானாரா படியின் மேலே நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அடடே, லோகு! நல்லா கீறியாமா? உங்க நைனா இன்னா பண்றாரு?"

"நல்லா இருக்காரு மாமா. ரிட்டையர் ஆவப்போறாரு."

யாரோ வந்து ஸ்குரூ கேட்டார்கள். ஆள் போகட்டும் என்று நிற்கிறாள் போலிருக்கிறது என்று ஜஹானாரா நினைத்தாள். ஸ்குரூ வாங்கியவர் போனார்.

"வரேன் மாமா" என்றது லோகநாயகியின் குரல். அவள் மேலே வரவில்லை. பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அடுத்த வருஷத் தேர்வில் லோகநாயகி தேறினாள். இன்டர்வியூவிலும் தேறி, வேலூர்ப் பக்கம் ஒரு கிளையில் வேலையில் சேர்ந்தாள். ஆவடியிலிருந்து கீல் வாங்க வந்த ஒருவர் உஸ்மான் கனியிடம் சொன்னார். கடைக்குள் நாற்காலியில் ஜஹானாராவும் உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர் போனபிறகு உஸ்மான் கனி வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு நெசமாவே நல்லாதான் படிச்சிருக்குது போல" என்றார். "அப்ப அன்னிக்கு..." என்று ஆரம்பித்து, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, அன்பாகச் சொன்னார்:

"உட்டுத் தள்ளுமா. இத்தினி வருசம் ஆச்சு. யார் பாத்து எழுதியிருந்தாதான் இன்னா? நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல."

ஜஹானாரா வாயைத் திறந்தாள். அந்த ஏழு கேள்வியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொட்டியடி, படிக்கட்டு, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்பு அவரிடம் சொன்ன அதே 'இல்லத்தா'வைத்தான் கடைசியில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். அவர் அதற்கும் 'சரி' என்பார்.

"குழந்தை அழுவுது" என்று சொல்லிவிட்டு எழுந்து மேலே போனாள். மேலே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.