மிச்சமிருந்த உதட்டசைவு

இப்போது மழை வரும், இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுவிட்டால் போதும், எங்கிருந்தாவது வந்து கொட்டிவிடும், குடை ஒருத்தரிடம்தான் இருக்கும், அதையும் கீழே போட்டுவிடுவார்கள்... வந்துவிட்டது. சோபாவின் ஓரத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தவளுக்குத் தன் குரல் தொலைக்காட்சியிலிருந்து வருவது கேட்டது. "நீங்க ஏன் இன்னும் இங்கேயே நிக்கறீங்க?" வெள்ளைக் கோட்டு போட்ட அந்தக் கொரியப் பெண் இவள் குரலில் கேட்கிறாள், எவ்வளவு தேம்பினாலும் மூக்கு சிவக்காத பெண், என் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டு எந்த ஊர்த் தெருவிலோ நனைகிறாள், நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே காய்ந்துகொண்டிருக்கிறேன், இதில் யார் யாருக்கு இரவல்? பக்கத்தில் அம்மா கைக்குட்டையை இப்போதே நான்காக மடித்துத் தயாராக வைத்திருந்தாள். இன்று கடைசிப் பகுதி. கீழே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, இந்த மழையும் மாசச் சம்பளத்துக்குத்தான் வேலை பார்க்குது போல என்றாள், அம்மா திரும்பாமலேயே உஷ் என்றாள். அண்ணி இப்படித்தான், மகள் டப்பிங் பேசும் தொடர் என்று அம்மா பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே உட்கார்ந்து கிண்டல் செய்வாள், ஆனால் ஒரு பகுதியைக்கூட விட்டதில்லை.

கிண்டலில் தப்பும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நினைவு இரண்டு முறை போனது, முதல் முறை லாரி மோதி, அடுத்த முறை படியில் வழுக்கி, இரண்டு முறையும் சரியாகக் கணவனை மட்டும் மறந்தாள், கடை வைத்திருந்த தெருவோ, கேக் செய்யும் பக்குவமோ மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் மாறிப்போனார்கள், இறந்தவர் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார், எந்த ரகசியத்தைப் பேசினாலும் கதவுக்குப் பின்னால் ஒருத்தர் தட்டோடு நின்றார். இந்த வீட்டுல யாருக்கும் கதவைச் சாத்தற பழக்கமே இல்லையா அத்தை என்று அண்ணி கேட்டதற்கு, சாத்தினா கதை எப்படி நகரும் என்று அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. உண்மைதானே, சாத்திய கதவுக்கு உள்ளே கதை நகராது, அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்... ஆனாலும் அந்தக் கேமரா பொறுமையானது. ஒரு சொட்டு கண்ணீர் இமையில் திரண்டு, தயங்கி, கன்னத்தில் இறங்கும்வரை அசையாமல் காத்திருக்கும், பியானோவும் கூடவே காத்திருக்கும், அந்த உலகத்தில் யாரும் பார்க்காமல் ஒருத்தர் அழுததாகக் கிடையாது. எனக்காக யாராவது அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்களா?

கணவர் வீட்டிலிருந்து ஒரே பெட்டியோடு அவள் இங்கே வந்து இறங்கிய அன்று அம்மா முதலில் தண்ணீர் கொடுத்தாள், பிறகு கேட்டாள். அடிச்சாரா? இல்லை. குடிக்கறாரா? இல்லை. வேற யாராவது... இல்லைம்மா. பின்ன என்னதான் பண்ணினார் என்றபோது, பேச மாட்டார் என்றாள். அம்மா காத்திருந்தாள், இன்னும் வரும் என்று, பெரிதாக ஏதோ பின்னால் வருகிறது என்று, முகத்தைப் பார்த்தபடியே காத்திருந்தாள், பின்னால் ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் இருந்தது. அவர் நண்பர் வீட்டில் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிட்டாள், அதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பேச்சில்லை. ஏன் என்று கேட்டதற்கு அடுத்த பேச்சின்மை. அதே கூடத்தில் உட்கார்ந்து தன் தம்பியிடம் போனில் கலகலவென்று பேசுவார், போனை வைத்ததும் முகம் அணைந்துவிடும், விளக்கை அணைப்பது போல, கோபம்கூடத் தெரியாது, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். இதை எப்படிக் காட்சியாக எடுப்பது? ஒருத்தர் தட்டைக் கழுவுகிறார். ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதற்கு எந்தப் பியானோ வரும்? தொடரில் வரும் மாமியார் அந்தப் பெண்ணின் முகத்தில் தண்ணீரை வீசியபோது அம்மா பாவி பாவி என்று திட்டினாள், அவளோ மைக்குக்கு முன்னால் நின்று அதற்கு விசும்பிய நாளில், இந்த மாமியாராவது முகத்தைப் பார்த்து வீசுகிறாள், வீசிவிட்டு நாலு வார்த்தை கேட்கிறாளே என்றுதான் நினைத்தாள், நினைத்ததும் பயந்தாள். ஒரு காலை ஸ்டூடியோவில் முதல் வரியைப் பேச வாய் திறந்தபோது வெறும் காற்றுத்தான் வந்தது. சளியா அக்கா, வெந்நீர் கொண்டுவரச் சொல்லட்டுமா என்றார் ஒலிப்பதிவாளர். சளி இல்லை. முந்தின நாள் வேலை முடிந்து கிளம்பியதிலிருந்து அவளிடம் யாரும் பேசவில்லை, அவளும் பேசியிருக்கவில்லை, குரல் அப்படியே உறைந்துபோயிருந்தது, குரலை விற்றுச் சாப்பிடுகிறவளுக்கு.

திரையில் அந்தப் பெண்ணின் கணவன் மண்டியிட்டுவிட்டான். நனைந்த தலைமுடி நெற்றியில் அழகாக விழுந்திருக்க, அம்மா சொன்னதை நம்பினதுதான் நான் செஞ்ச தப்பு என்கிறான், இத்தனை மாதமாகச் செய்ததை எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான், ஒன்றையும் விடவில்லை. இதுதான் இந்தத் தொடரின் பெரிய பொய் என்று அவளுக்குத் தோன்றியது, லாரியோ நினைவு போவதோ அல்ல, தான் செய்தது என்ன என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருத்தன். பொய்தான், ஆனால் எவ்வளவு இதமான பொய், கேட்டுக்கொண்டே தூங்கிவிடலாம் போல... அந்தப் பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது. வாய் திறந்தது. "உங்களை மன்னிச்சிட்டேன்," இவள் குரல், "வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்." அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணிகூட ஒரு தலையணை உறையைப் பாதி மடிப்பில் நிறுத்தியிருந்தாள்.

வீட்டுக்குப் போலாம் என்பது வசனத் தாளில் இல்லை. அது இவள் சேர்த்தது. மன்னிச்சிட்டேன் என்பதோடு வரி முடிந்துவிட்டது, அந்தப் பெண்ணின் உதடு மட்டும் முடியவில்லை, காதில் மாட்டிய ஹெட்போனில் இயக்குநர், லிப் இருக்கு, லிப் மிச்சம் இருக்கு, எதையாவது போடு என்றார். டப்பிங்கில் இது தினமும் நடப்பதுதான், அசையும் வாயைச் சும்மா விடக் கூடாது, ஒரு 'தெரியுமா', ஒரு 'என்னங்க' என்று அள்ளிப் போட்டு அடைக்க வேண்டும். அந்தப் பொண்ணு என்ன சொல்றா சார் என்று இவள் கேட்டாள். யாருக்குத் தெரியும், தாளே வேறொரு மொழியிலேர்ந்து வந்தது, குடும்பத் தொடர், சேர்த்து வச்சிடு என்று சிரித்தார். வாயில் வந்ததைச் சொன்னாள், கச்சிதமாக உட்கார்ந்தது, ஓகே என்றார்கள். இப்போது பார்த்தால் அந்தப் பெண் நகரவே இல்லை. அவன்தான் எழுந்து வருகிறான். அவள் கண்ணில் இருப்பது நிம்மதியா, களைப்பா... கேமரா மேலே போய்விட்டது, மழை நின்றது, ஒரு மரம், வானம், எழுத்துகள். இருவரும் வீட்டுக்குப் போனதை யாரும் காட்டவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா ரிமோட்டை எடுத்து ஒலியைக் குறைத்தாள். இதற்காகவே கடைசிப் பகுதி வரை காத்திருந்தாளோ என்று தோன்றியது. காலையில் மாப்பிள்ளை போன் செய்தாராம், நீ குளித்துக்கொண்டிருந்தாய் என்றாள், அரைமணி நேரம் நன்றாகப் பேசினாராம், என் முட்டிவலியைக்கூட விசாரித்தார் என்றாள். "அவருக்கு இப்ப கோபமெல்லாம் இல்லையாம். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேங்கறார். வரச் சொல்லட்டுமா?"

கோபமில்லையாம். அண்ணி தலையணை உறையைப் பார்த்துக்கொண்டே, நல்லாத்தான் இருக்கு, இவர் வேற மன்னிச்சிட்டாரா என்று முணுமுணுத்தாள். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அழுத கண் இன்னும் காயவில்லை, கைக்குட்டையை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொண்ணு எவ்வளவு பட்டா. அவளே மன்னிச்சு வீட்டுக்குக் கூப்பிடலையா? உன் வாயாலதானேடி சொன்ன. நான்தான் கேட்டேனே."

என் வாயால் இல்லைம்மா, அது அவள் வாய், என் சத்தம் என்று சொல்லலாம். அந்த வார்த்தை தாளிலேயே இல்லை, ஓட்டையை அடைக்கப் போட்டது என்று விளக்கலாம். அம்மா அழுதது வீணாகிவிடும். என்னிடம் அழாத அம்மா என் குரலைக் கேட்டு இத்தனை நாள் அழுதாளே, அது அந்தப் பெண்ணுக்காகவா, எனக்காகவா, எனக்காக அழ அம்மாவுக்கு இவ்வளவு மழையும் லாரியும் தேவைப்பட்டதா... கேட்டால் அம்மாவுக்கே தெரியாது. போன் இருவருக்கும் நடுவில் சோபாவில் கிடந்தது, அம்மா அதை எடுத்து, திரையைத் தொட்டு, அவர் பெயர் தெரியும்படி இவள் பக்கம் நீட்டினாள். ஒரு வார்த்தைதான், நான் சொல்வதைவிட நீயே சொன்னால் சந்தோஷப்படுவார் என்றாள். பேசாமல் எழுந்து அறைக்குள் போய்விடலாம் என்று முதலில் நினைத்தாள். கால்கூடத் தரையைத் தொட்டுவிட்டது. அது அவருடைய வழி அல்லவா, அதை நான் எப்போது கற்றுக்கொண்டேன்?

அவள் மறுபடி உட்கார்ந்து, அம்மாவின் கையை, போனோடு சேர்த்து, மெல்ல மடியில் இறக்கி வைத்தாள்.

"வேணாம்மா. வர வேணாம்."

அம்மா இன்னும் வரும் என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.